காற்றை விரட்டிப் போன கணவாய்ப் பெட்டி

கரன்ட்டுக் கம்பி எட்டாத கோடித்தீவில் மூன்று பேர் குடிசை போட்டுக் கணவாய் மீன் பிடித்தார்கள். சந்தியாகு, அவன் மச்சான் மிக்கேல், கூட்டாளி அருளப்பன். மூவருக்கும் கடல் அத்துப்படி. மற்ற விஷயங்கள் மண்டைக்குள் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும்.

எஞ்சினியர் ஒருவர் வந்து சின்னக் காற்றாடி ஒன்றை நட்டு, பேட்டரியும் ஃப்ரீசரும் மாட்டிக் கொடுத்தார். "ஃப்ரீசரை யாரும் சும்மா சும்மா திறக்கக் கூடாது. காத்தாடி எப்பவும் காத்து இருக்கிற இடத்துலதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வியாபாரி ஜெபமாலை தீவுக்கே வந்து கணவாயை எடுப்பதாகப் பேச்சு. அந்தப் பணத்தை வைத்துத்தான் சந்தியாகு மகளுக்குக் கல்யாணம். சரக்கு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

யாராவது ஃப்ரீசரைத் திறந்துவிட்டார்களா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தான். அவன் ஒழுங்காகப் பார்க்கிறானா என்று மிக்கேல் திறந்து பார்த்தான்.

புதன்கிழமை காலையில் காற்று விழுந்தது. பேட்டரியும் கையை விரித்தது.

"காத்து எங்கவே போச்சு?" என்றான் சந்தியாகு.

"இங்க இல்லன்னா வேற எங்கயாவது இருக்கும். அது இருக்கிற இடத்துலதான வைக்கச் சொன்னாவ?" என்றான் மிக்கேல்.

காற்றாடியைப் பிடுங்கி வள்ளத்தில் நட்டார்கள். வயர் ஆறு முழம்தான் இருந்ததால் பேட்டரியும் ஃப்ரீசரும் கூடவே ஏறின.

துடுப்பு போடப் போட முகத்தில் காற்று பட்டது. இறக்கையும் சோம்பலாகச் சுற்றியது. "கெடச்சிட்டு" என்று துடுப்பை வைத்தார்கள். இறக்கை நின்றுவிட்டது.

அருளப்பன் வெகுநேரம் யோசித்தான். "நாம நின்னதும் அது முன்னால ஓடிருது. விடாம வெரட்டணும்."

விடாமல் விரட்டினார்கள். இறக்கையும் நிற்காமல் சுற்றியது; துடுப்பு பிடித்த கையால் ஃப்ரீசரைத் திறந்து பார்க்க யாருக்கும் முடியவில்லை. வியாழக்கிழமை மதியம் வள்ளம் துறைமுகத்தில், ஐஸ் கம்பெனி வாசலிலேயே போய் முட்டியது. அங்கே ஜெபமாலை நின்றுகொண்டிருந்தார். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். ஒரு கணவாய்கூடக் கெடவில்லை. சந்தியாகு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"நல்லதாப் போச்சு. இறக்குங்கவே, இப்பவே எடுத்துக்கிடுதேன்" என்றார் ஜெபமாலை.

சந்தியாகு முகம் மாறியது. "வெள்ளிக்கிழமை, தீவுலன்னுல்லா பேச்சு? மகள் கல்யாணக் காரியம். பேச்சு மாறக் கூடாது."

மற்ற இருவரும் தலையாட்டி வள்ளத்தைத் திருப்பினார்கள்.

"அப்ப நானும் உங்ககூடவே வாரேன்" என்று ஜெபமாலை பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஃப்ரீசர் இருக்கு, எடமில்ல" என்றான் சந்தியாகு. "நீங்க வெரசாக் கெளம்புங்க. தீவுல நாங்க இல்லன்னா கோவிச்சுக்கிட்டுத் திரும்பிராதீங்க. காத்து எந்தப் பக்கம் ஓடுதோ, அதப் பாத்துத்தான் நாங்க வரணும்."