ஏழு மணிக்குக் கீரை

"கீரை தளதளன்னு வந்திருக்கு. அதுக்காகப் பூத்தோட்டப் போட்டியில கொண்டுவந்து வைக்கலாமா?"

மாடிப்படியில் இறங்கியபடியே பலராமன் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். படிக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தருமலிங்கத்தின் காதில் அது விழுந்துவிட்டது.

அது போன வருஷக் கோடை. பலராமன் காலனிச் சங்கத்தின் தலைவர். போட்டிக்கு நடுவரும் அவரே. அந்த வாரத்திலேயே தருமலிங்கத்துக்குக் 'கீரை சார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பால் போடுகிறவர்கூட, "கீரை சார், இன்னைக்கு ஒரு பாக்கெட்டா ரெண்டா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

பூங்கா நாற்றங்காலில் வேலை பார்க்கும் நாச்சியார் ஞாயிறுதோறும் மாடித்தோட்டம் கற்றுக்கொடுப்பார். அவருக்கு வயது இருபத்தெட்டு. படிக்க வருகிறவர்களில் மூத்தவர் தருமலிங்கம். இந்த வருஷப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எல்லோரும் போனபிறகு தயங்கி நின்றார்.

"டீச்சர், காலையில ஏழு மணிக்குப் பூக்கிற மாதிரி ஒரு செடியைப் பழக்க முடியுமா?"

"எந்தச் செடியை?"

"பத்துமணிச் செடியை. நாற்பது தொட்டி வெச்சிருக்கேன். வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்னு நடுவர் ஏழு மணிக்கே வந்துடறாரு. அப்போ அது வெறும் இலையா நிக்குது. பார்த்தா அச்சு அசல் கீரை."

"என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி நூறு வாட் பல்பு போட்டேன். வெதுவெதுன்னு தண்ணி ஊத்தினேன். கண்ணாடியைச் சாய்ச்சு வெச்சு வெளிச்சம் அடிச்சேன்."

"பூத்துதா?"

"என் சம்சாரம் சிரிச்சா."

நாச்சியாரும் சிரித்துவிட்டார். தருமலிங்கம் சிரிக்கவில்லை.

"இந்த வருஷமும் கீரைன்னு சொல்லிட்டாங்கன்னா, அத்தனை தொட்டியையும் தூக்கிக் கொடுத்துடுவேன் டீச்சர். அப்புறம் மாடிப்படி ஏறமாட்டேன்."

"பத்து மணிக்கு எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எதிர் மாடியில துணி காயப்போடற அம்மா."

"நீங்க பார்த்ததில்லையா சார்?"

"வேலூர் வெயில்ல, பத்து மணிக்கு, மொட்டை மாடிக்கா? எட்டு மணிக்கே ஜன்னலைச் சாத்திட்டு ஃபேனுக்குக் கீழே படுத்துடுவேன். காலையில ஆறு மணிக்குத் தண்ணி. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணி. சுருங்கின பூவைப் பார்த்திருக்கேன்."

செவ்வாய்க்கிழமை நாச்சியாருக்கு விடுமுறை. அன்று காலை ஏழு மணிக்குத் தருமலிங்கத்தின் மாடியில் வந்து நின்றார்.

"உட்காருங்க சார்."

தருமலிங்கம் உட்கார்ந்தார். எதிரில் நாற்பது தொட்டிகள், ஐந்து வரிசை. ஊசி ஊசியாகப் பச்சை இலை. ஒரு பூ இல்லை.

சற்று நேரத்தில் எழுந்து தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தார்.

"உட்காருங்க சார்."

எட்டு மணிக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடிச் சுவரைத் தொட்டவர் விரலை உதறிக்கொண்டார். எதிர் மாடி அம்மா ஈரத்துணியோடு வந்து இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் வேலையைக் கவனித்தார்.

ஒன்பதரைக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் ஒரு மொட்டு நெகிழ்ந்தது. கருஞ்சிவப்பு. அதற்குப் பக்கத்தில் மஞ்சள். தருமலிங்கம் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்த வரிசையில் எங்கே, எப்போது என்று தெரியாமல் பதினைந்து, இருபது திறந்துவிட்டன. ஆரஞ்சு, வெள்ளை, ரோஜா நிறம். தேனீக்கள் எங்கிருந்து வந்தன என்றும் தெரியவில்லை. பத்து மணி அடிக்கும்போது ஐந்து வரிசையிலும் இலையே தெரியவில்லை.

நாச்சியார் ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு பூவின் நடுவில் மெல்லத் தொட்டார். மகரந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்து குச்சியின் பக்கமாகச் சாய்ந்தன.

"இது தினமும் நடக்குதா?" என்றார் தருமலிங்கம்.

"தினமும்."

"ரெண்டு வருஷமாவா?"

"வெயில் அடிச்ச நாள் எல்லாம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். பிறகு ஞாபகம் வந்தவர்போலக் கேட்டார்: "நடுவர் ஏழு மணிக்கு வருவாரே டீச்சர்?"

"ஏழு மணிக்கு வர்றவங்களுக்குக் கீரையைக் காட்டுங்க."

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குப் பலராமன் மதிப்பெண் அட்டையோடு மாடிக்கு வந்தார்.

"என்ன கீரை சார், இந்த வருஷமும் அதேதானா?"

"அதேதான் சார். வாங்க, பாருங்க."

பலராமன் அவருடைய முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "பூவு?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கு இங்கே நின்னா தலை வெந்துடும்."

"வேகும் சார்."

பலராமன் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு இறங்கிப் போனார். என்ன குறித்தார் என்று தருமலிங்கம் எட்டிப் பார்க்கவில்லை. தொட்டிகளை யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. ஒன்பது மணிக்கு இரண்டு நாற்காலியையும் ஒரு சொம்பு மோரையும் மாடிக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி கஸ்தூரி, "உங்களோட சேர்ந்து நானும் கருகணுமா?" என்று கேட்டுக்கொண்டே குடையோடு பின்னால் ஏறினார். பத்து மணிக்குக் கஸ்தூரி பேச்சை நிறுத்தியிருந்தார்.

பத்தேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பலராமன்.

"ஒண்ணுமில்லை. மூக்குக் கண்ணாடியை இங்கே வெச்சுட்டேனோன்னு..."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. அவர் முதல் வரிசையிலிருந்து ஐந்தாவது வரிசைவரை மெல்ல நடந்தார். திரும்பி வந்தார். வழுக்கைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"தருமலிங்கம் சார்," என்றார். "இது எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"ரெண்டு மணி வரைக்கும் இருக்கும் சார்."

பலராமன் ஓரமாகக் கிடந்த வாளியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, மதிப்பெண் அட்டையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார்.