உறையில் சிக்கிய கத்தி

"எது நல்ல வேட்டைக் கத்தி, தாயி?"

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக வீரணன் கேட்டார். கும்பிடுகூடப் பிறகுதான் போட்டார்.

தாயி என்று அவர் கூப்பிட்டது எங்கள் அம்மையை. மலையடிவாரத்தில், ஊற்றுக்குப் பக்கத்தில் குடிசை போட்டு இருக்கிறாள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஞானம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். எனக்கு ஐம்பத்தெட்டு. பத்து வருஷமாக அவளுக்குச் சீடன். இதுவரை எனக்குக் கிடைத்த ஞானம் சமையல்கட்டுதான்.

மாசி மாதம். முற்றம் முழுக்கப் புளி காய்ந்தது. அம்மை அதற்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கத்தியைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நம்ம சமையக்காரரைக் கேளுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வியை என் பக்கம் தள்ளுகிறாள். நிஜமாகத்தான் சொல்கிறாளா, கிண்டலா? அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன், பொய் சொல்வானேன்.

வீரணன் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரின் வேட்டைத் தலைவர். ஐம்பது வயதிருக்கும். கூடவே தம்பி ஒச்சப்பனும் வந்திருந்தான். அவனுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். வந்தவன் யாரும் சொல்லாமலே புளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்துப் புளியைக் கீறினான். கொட்டை தெறித்தது. எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது.

வீரணன் சாக்கைப் பிரித்தார். உள்ளே ஒன்பது கத்திகள்.

"எதுக்கு இத்தனை?" என்றாள் அம்மை.

"நாளைக்கு எங்க ஊர்ல பாரிவேட்டை தாயி. கிளம்புறதுக்கு முன்னாடி தலைவன் ஊரு கூடுற மந்தையில கத்தியை நட்டு, ஊரு கேக்க 'இது என்னைக் கைவிடாது'ன்னு சொல்லணும். பொய்யாச் சொன்னா, கூட வர்றவன் எவனாவது ரத்தம் சிந்துவான். இருபது பேரு என்னை நம்பி வர்றாக. ஒரு வருசமா கத்தி கத்தியா வாங்கிப் பாத்துட்டேன். எதைத் தொட்டாலும் அந்தச் சொல்லு வாயில வரமாட்டேங்குது."

"போன வருசம் என்ன ஆச்சு?"

வீரணன் தம்பியின் காலைக் காட்டினார்.

"காட்டுப்பன்னி. வெரட்டிக்கிட்டே போனோம். திடீர்னு திரும்பி இவனைக் கீழ தள்ளிருச்சு. தொடையைக் கிழிக்குது. நான் பத்தடி தள்ளி நிக்கிறேன். வேற ஆளு கெடையாது. பாழாப்போன கத்தி உறையில சிக்கிக்கிருச்சு. இழுக்குறேன், வரமாட்டேங்குது. கடைசியில நாய்க வந்துதான் வெரட்டுச்சு."

ஒச்சப்பன் தலை நிமிரவில்லை. கொட்டை மட்டும் தெறித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சமையல்கட்டுக்குப் போய் நல்லெண்ணெயை எடுத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டு வந்தேன்.

"எண்ணெய் எதுக்கு?" என்றார் வீரணன்.

"வேட்டையில கை காய்ஞ்சா இருக்கும்? ரத்தத்துல வழுக்கும்ல?"

"அட, ஆமா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் கத்திக்கு மான்கொம்புப் பிடி. பார்க்க அம்சமாக இருந்தது. எண்ணெய்க் கையால் பிடித்து ஒரு குத்துக் குத்தினேன். கை நழுவி அலகுப் பக்கம் போனது. நல்லவேளை, விரல் தப்பியது. அடுத்தது முழங்கை நீளம். ஆளைப் பயமுறுத்தலாம், விழுந்த பன்றியின் வயிற்றைப் பதமாகக் கீற முடியாது. இன்னொன்றின் இரும்பு அவ்வளவு கடினம், காட்டில் கிடைக்கிற கல்லில் தீட்டினால் கூர் ஏறாது. ஒன்றில் பிடிக்குள் இரும்பு பாதி தூரம்தான் போயிருந்தது. எலும்பில் மாட்டினால் பிடி தனி, அலகு தனி.

ஒவ்வொன்றுக்கும் வீரணன் தலையாட்டினார். "அதான் அண்ணே. நானும் அதான் நெனச்சேன்."

ஆறாவது கத்தி எல்லாவற்றுக்கும் சரியாக இருந்தது. புளியமரப் பிடி, ஒரு சாண் அலகு. கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மயிர் சிரைக்கும். எண்ணெய்க் கையிலும் அசையவில்லை.

"இதுதான்" என்றேன்.

வீரணன் அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"என்னமோ சரியில்லண்ணே."

"என்ன சரியில்ல?"

"தெரியல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்ப்பா, கத்தி எந்திரிச்சு வந்து உங்கிட்டப் பேசணுமா?"

"கோவிச்சுக்காதீகண்ணே. எனக்கே ஒண்ணும் வெளங்கல" என்றார். குரல் கம்மிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னொரு புளியை எடுத்தாள்.

எடுத்தவள் ஒச்சப்பன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உங்க கத்தி நல்லா வேலை செய்யுதே. எங்க வாங்குனது?"

"வாங்கலம்மா. பழைய அரத்தை அடிச்சுச் செஞ்சது. அண்ணன்து. கெணத்துல வீசப் போனாக. நான் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன்."

"எப்போ?"

"போன வருசம்."

நான் எட்டிப் பார்த்தேன். "அந்தக் கத்தியா?"

"அதேதான்" என்றான் ஒச்சப்பன்.

தன்னைச் சாக விட்ட கத்தியை யாராவது இடுப்பில் கட்டிக்கொண்டு திரிவார்களா? அதுவும் ஒரு வருஷமாக?

"உறை இருக்கா?" என்றாள் அம்மை.

அவிழ்த்துக் கொடுத்தான். அம்மை கத்தியைத் துடைத்து உறையில் போட்டு வீரணன் முன்னால் வைத்தாள்.

"உருவுங்கண்ணே."

"அது சிக்கும் தாயி."

"சிக்கட்டும். உருவுங்க."

வீரணன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். பிடியைத் தொட்டார். அடுத்த நொடியே கையை எடுத்துக்கொண்டார்.

"வரல."

அவர் இழுக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அம்மை அதை என் பக்கம் தள்ளினாள். இழுத்தேன். வந்தது. மறுபடி போட்டு இழுத்தேன், அதே எண்ணெய்க் கையால். சத்தமில்லாமல் வந்தது. திரும்ப உறையில் போட்டு, தலைகீழாகப் பிடித்து உதறினேன். அப்போது விழவும் இல்லை. அருமையான உறை.

"நல்லாத்தானே வருது?" என்றேன், மடையன்.

வீரணன் தரையைப் பார்த்தார். "ஒரு வருசம் ஆச்சுல்ல. தோலு தளந்திருக்கும்."

"தளந்திருச்சா தம்பி?" என்று ஒச்சப்பனைக் கேட்டாள் அம்மை.

ஒச்சப்பன் கட்டைவிரலில் ஒட்டிய புளியை நிதானமாகச் சுரண்டினான்.

"ஆமாம்மா. முந்தி ரொம்ப இறுக்கம். நான்தான் எண்ணெ போட்டு எளக்குனேன்."

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? கோளாறு உறையில. கத்தி மேல ஒரு குத்தமும் இல்ல. இதையே கொண்டுபோய் நடுங்க, சொல்லைச் சொல்லுங்க, வேட்டைக்குப் போங்க" என்றேன். ஒரு கேள்விக்கு நானே பதில் சொல்லி முடித்துவிட்ட பெருமை எனக்கு. அம்மை பாராட்டுவாள் என்று பார்த்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வீரணனும் கத்தியை எடுக்கவில்லை. தம்பியையே பார்த்தார்.

"எண்ணெ போட்டியா?"

"போட்டேண்ணே."

"என்ன எண்ணெ?"

ஒச்சப்பன் கொஞ்சம் யோசித்தான். "வெளக்கெண்ணெ."

"எப்ப போட்ட?"

அவன் குவியலிலிருந்து இன்னொரு புளியை எடுத்தான்.

"இவன் பொய் சொல்றான் தாயி" என்றார் வீரணன். "அந்த உறை என் கையால தைச்சது. ஒரு நாளும் இறுகுனதில்ல."

எனக்கு மறுபடி எல்லாம் குழம்பியது. இறுகாத உறையில் கத்தி எப்படிச் சிக்கும்? கேட்க வாயைத் திறந்தேன். அம்மை என் முழங்காலில் கையை வைத்தாள். மூடிக்கொண்டேன்.

"ஒச்சு" என்றார் வீரணன். "நீ அன்னைக்குப் பாத்தியா?"

"என்னத்தண்ணே?"

"கத்தி எங்க இருந்துச்சுன்னு."

ஒச்சப்பன் புளியைக் கீழே வைத்தான்.

"உங்க கையில இருந்துச்சுண்ணே."

என் கையில் அந்தக் கத்தி இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மெதுவாகச் சாக்கின் மேல் வைத்தேன்.

"பயந்துட்டேன்டா" என்றார் வீரணன். "உருவிட்டேன். காலு நகரல. நீ என்னைப் பாத்து 'அண்ணே, அண்ணே'ன்னு கத்துற. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். நாய்க குலைக்கிற சத்தம் கேட்டதும் கத்தியை உள்ள போட்டுட்டேன்."

வாய்விட்டு அழுதார். ஐம்பது வயது மனிதர், மூக்கைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார்.

"தெரிஞ்சும் ஏன்டா ஒரு வருசமா வாயத் தொறக்கல?"

"நீங்களாச் சொல்வீகன்னு இருந்தேன்."

வீரணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு அம்மையைப் பார்த்தார்.

"நாளைக்கு மந்தையில நான் எதைச் சொல்ல தாயி?"

அம்மை ஒச்சப்பனைப் பார்த்தாள். வீரணனும் அவன் பக்கம் திரும்பினார்.

"இதைச் சொன்னா ஊரே காறித் துப்புமேடா."

"துப்பத்தான் செய்யும்ணே" என்றான் ஒச்சப்பன். "நான் பக்கத்துல நிக்கிறேன்."