கரும்பலகையில் ஓடிய கரன்ட்

மந்தனூர் என்றொரு ஊர். மூளை என்ற பொருளை அந்த ஊரில் கறிக்கடையில் மட்டும்தான் பார்க்கலாம். ஆனாலும் அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதில் வாத்தியார்களும் இருந்தார்கள்.

அந்தப் பள்ளியை மூடிவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் முன்னால் மின்சுற்று ஒன்றைப் பூட்டி பல்பை எரியவிட்டுக் காட்டவேண்டும். எரியாவிட்டால் பள்ளிக்குப் பூட்டு.

அறிவியல் டீச்சர் எழிலரசி பிரசவத்துக்குப் போகும்போதே கரும்பலகையில் படம் வரைந்து வைத்திருந்தார். "இதைப் பார்த்து அப்படியே பூட்டுங்க சார், ஒரு கோடுகூட மாறக்கூடாது" என்று தலைமையாசிரியர் ஞானப்பிரகாசத்திடம் சொல்லியிருந்தார். யாரிடம் சொல்கிறோம் என்று அவர் யோசித்திருக்கலாம்.

படத்தில் பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நெட்டைக் கோடு, ஒரு குட்டைக் கோடு. இரண்டு கோட்டுக்கு இரண்டு பேட்டரி என்று வாங்கப் போனார்கள். கடைக்காரரோ இரண்டையும் ஒரே உயரத்தில் கொடுத்துவிட்டார். டிரில் மாஸ்டர் மாசிலாமணி ரம்பம் எடுத்து ஒன்றைப் பாதியாக அறுத்தார். வெள்ளைச் சட்டை கரியானதுதான் மிச்சம். அறுத்த குட்டையில் ஒயரைச் சுற்ற முடியவில்லை. அதனால் அதை முழு பேட்டரிக்குப் பக்கத்தில் துணைக்கு நிறுத்திவைத்தார்கள்.

அடுத்தது பல்பு. ஒரு வட்டம், அதற்குள் பெருக்கல் குறி.

"ஐயா, தப்பான விடைக்குத்தானே நாம இப்படிப் போடுவோம்?" என்றார் தமிழாசிரியர் தாயுமானவன்.

"பல்பு என்னய்யா தப்புப் பண்ணுச்சு?" என்றார் ஞானப்பிரகாசம்.

"இன்னும் பண்ணல. இனிமே பண்ணும்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கு."

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று உருகிய தலைமையாசிரியர், பல்பின் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டவைத்தார்.

அதிகாரி வந்தார். தாயுமானவன் ஒரு மரத்துண்டில் ஊக்கைப் பொருத்தி ஸ்விட்ச் செய்திருந்தார். அந்த ஊக்கைக் காலையிலிருந்து விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்னய்யா, விரலை எடுக்காம நிக்கிறீரு?" என்றார் அதிகாரி.

"படத்துல ஸ்விட்ச் தூக்கியிருக்குங்கய்யா. விட்டா தொட்டுடும்."

"தொட்டாத்தான்யா எரியும்!"

மூவரும் நடுங்கிப்போனார்கள். ஞானப்பிரகாசம் கைகூப்பினார். "ஐயா, பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும், படத்தை மீற மாட்டோம்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் ஸ்விட்ச் இடைவெளியை ஒரு கோடு போட்டு மூடினார். "இப்ப விடும்!"

தாயுமானவன் விரலை எடுத்தார். டேப்புச் சந்தில் பல்பு மினுக்கியது.

"ஐயா அங்க கோடு போட்டாரு, இங்க எரியுது!" என்று கத்தினார் மாசிலாமணி.

அதிகாரி ஜீப்பில் ஏறும்போது, "இந்த மூணு பேரையும் வேற ஊருக்கு மாத்தினா அங்க இருக்கிற புள்ளைங்க கெட்டுப்போகும். பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கட்டும்" என்றார். மூவரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து சாயங்கால மணி அடித்ததும் தலைமையாசிரியர் கரும்பலகையில் இருந்த அந்தக் கோட்டை அழித்துவிடுவார். பேட்டரி தீர்ந்துவிடக்கூடாதே. காலையில் மறுபடி போடுவார்.

விடுப்பு முடிந்து எழிலரசி டீச்சர் திரும்பி வந்தார். அழுக்கேறிய பலகையைத் துடைக்க ஈரத்துணியோடு போனார். மூவரும் அலறினார்கள். மாசிலாமணி பாய்ந்துவந்து, காய்ந்த கட்டையால் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"என்ன டீச்சர் நீங்க!" என்றார் ஞானப்பிரகாசம், வேர்த்து விறுவிறுத்து. "கைக்குழந்தைக்காரி, கரன்ட் போய்க்கிட்டிருக்கிற பலகையில ஈரத்துணி வைக்கலாமா?"