மாப்பிள்ளையைத் தூக்கிய காற்று

காற்றுக்கு வேலைவெட்டி கிடையாது என்று உலகம் நம்புகிறது. இது மாபெரும் பிழை. அடைத்துவைத்த காற்று விரியும்போது வேலை செய்கிறது. எவ்வளவு மெதுவாக விரியவிடுகிறோமோ அவ்வளவு அதிகமாகச் செய்கிறது. இதை ஐயமற அறிந்தவர்கள் மொண்ணையூர்க்காரர்கள் மட்டுமே.

மொண்ணையூரில் முந்தைய கல்யாணத்தின்போது மாலையை ஆடு தின்றுவிட்டது. ஆகவே மாடப்பன் கல்யாணத்துக்கு மணமேடையை ஆளுயரத்தில் கட்டினார்கள். படி வைக்கவில்லை, வைத்தால் ஆடு ஏறிவிடும். மணப்பெண் செங்கமலத்தை உட்காரவைத்த பிறகே மேடையை உயர்த்தினார்கள். மாப்பிள்ளை மாடப்பனைத்தான் மறந்துவிட்டார்கள்.

அவனை மேலே ஏற்ற டவுன் மெக்கானிக் ஒருவர் பெரிய இரும்பு உருளையோடு வந்தார். உள்ளே காற்று, மேலே மூடிப்பலகை, பலகையில் ஒரு வேட்டியை விரித்து மணல் பாரம். மணலுக்குப் பக்கத்தில், பலகைமேலேயே, மாடப்பனை உட்காரவைத்தார்.

"ஒவ்வொரு மணலா எடுங்க. திரும்ப வச்சா பலகை திரும்ப இறங்கணும், அவ்வளவு பதமா. அவசரப்பட்டா காரியம் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாடப்பனின் அம்மா தன் பங்குக்குச் சொன்னாள்: "பொண்ண மொறச்சுப் பாக்காதடா. கண்ண மூடிக்க. பலகை நின்னதும் எதிர்ல இருக்கறதுக்கு மூணு முடிச்சுப் போடு."

தாய்மாமன் வேலாண்டி ஒரு மணலை எடுத்தார். உடனே திரும்ப வைத்தார்.

"ஏன் மாமா?" என்றான் மாடப்பன்.

"திரும்ப இறங்குதான்னு பாக்க வேணாமா?"

"இறங்குச்சா?"

"ஏறினாத்தானே மாப்ள தெரியும்!"

மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். சித்தப்பா சின்னக்காளி குனிந்து பார்த்து, அது அதே மணல்தானா என்று சந்தேகம் கிளப்பினார். மாடப்பன் தாலியைப் பிடித்தபடி தவித்தான். "முகூர்த்தம் முடியப்போகுது!" என்று ஐயர் அலறினார்.

சின்னக்காளிக்கு மூளை மின்னியது. "அண்ணே, ஒண்ணு ஒண்ணாத்தானே எடுக்கச் சொன்னாரு? வேட்டியோட நாலு முனையையும் சேத்துக் கட்டுங்க. இப்ப எத்தனை?"

வேலாண்டி சுற்றிவந்து பார்த்தார். "ஒண்ணு."

"எடுங்க."

எடுத்தார்கள்.

மாடப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காற்று ஒரேயடியாக விரிந்தது. பலகை செங்கமலத்தைத் தாண்டிப் போய்ப் பந்தல் உச்சியில் முட்டி நின்றது. நின்றதும், அம்மா சொன்னபடியே, எதிரில் தட்டுப்பட்டதற்கு மூன்று முடிச்சுப் போட்டான். கெட்டிமேளம் கொட்டியது. ஊரே அண்ணாந்து அட்சதை போட்டது.

"யோவ், அது பந்தல்காலுய்யா!" என்று செங்கமலம் கத்தியது மேளத்தில் கேட்கவில்லை.

அந்த வருஷம் மாடப்பன் பந்தல்காரர் வீட்டில் தலைதீபாவளி கொண்டாடினான்.