மூன்றாவது கிணறு

இரண்டாவது கிணறும் கையை விரித்துவிட்டது. எண்ணெய் தேடிப் போட்ட துளையில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. இரண்டுக்கும் இடம் குறித்துக் கொடுத்தவர் அருளானந்து. மூன்றாவதும் பொய்த்தால் முகாமையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. அந்த மூன்றாவது இடத்தை அன்று மாலைக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.

தகரக் கொட்டகை அலுவலகத்தில் வெக்கை ஆளை வேகவைத்தது. அருளானந்துக்கு ஐம்பது வயதுதான். அன்றைக்குப் பார்த்தால் எழுபது சொல்லலாம். எதிரே நாச்சம்மை. அவரைவிட இளையவர், ஆனால் செயற்கைக்கோள் படம் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். மேலேருந்து எடுத்த படமும், பூமிக்கடியில அதிர்வு வச்சு எடுத்த கணக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டுது. ரெண்டு சாட்சியும் ஒத்துப்போகுது. அப்புறமும் ஏன் ஏமாத்துது?"

நாச்சம்மை ஒரு படத்தை மேசையில் விரித்து, அதன் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். ஊர்ப்பெயர் எதுவும் இல்லாத படம்.

"மூணாவது இடம். எப்படிப் பொருத்துறீங்கன்னு காட்டுங்க."

அருளானந்து வழக்கம்போல, அதிர்வுக் கணக்குப்படி நிலத்தடிப் பிளவுகளை வரைந்து வைத்திருந்த கண்ணாடித்தாளை அதன்மேல் போட்டார். விரல் தன்னால் ஓடியது.

"அடியில பிளவு இப்படிப் போகுது. மேலயும் பாருங்க, அதே வாக்குல ஓடை திரும்புது. இங்க பனை வரிசையா நிக்குது. இங்க மண்ணு நிறம் மாறுது. கச்சிதமா உக்காருது."

"திருப்தியா?"

"திருப்திதான்."

நாச்சம்மை கையை எடுத்தார். அதுவரை மறைந்திருந்த வடக்கு அம்பு கீழ்நோக்கி இருந்தது. படம் தலைகீழாகக் கிடந்தது.

அருளானந்து அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. தலைகீழ்ப் படத்திலும், தாளில் இருந்த கோட்டுக்கு ஏற்றபடி ஓடையையும் பனையையும் எவ்வளவு அக்கறையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறது அவர் கண்.

"அப்போ அங்க ஒண்ணுமே இல்லையா மேடம்? முகாமை மூடச் சொல்லிரவா?"

நாச்சம்மை படத்தை நேராகத் திருப்பி வைத்தார். கண்ணாடித்தாளைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும்? படத்தை நீங்க இன்னும் பார்க்கவே இல்லையே சார்."