எருமைகள் எடுத்த ராஜ குளியல்

பாலைவனத்தின் நடுவே ஒரே ஒரு ஊற்று இருந்தது. அங்கே எல்லா மிருகங்களுக்கும் ஒரே சட்டம்தான்: வாயை வை, காலை வைக்காதே! ஒட்டகம்கூடக் கரையில் நின்று கழுத்தை நீட்டித்தான் குடிக்கும்.

ஒரு நாள் காலையில் ஒரு கல்கௌதாரிப் பறவை அந்த ஊற்றுக்குப் பறந்து வந்தது. தூரத்துக் கல்மேட்டில் அதன் குஞ்சுகள் தாகத்தோடு காத்திருந்தன. அப்பன்காரன் கரையோரம் குந்தி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போனால்தான் குஞ்சுகளுக்குத் தண்ணீர். இறகிலிருக்கும் ஈரத்தை அவை உறிஞ்சிக் குடிக்கும்.

வந்து பார்த்தால் ஊற்றையே காணோம்! மூன்று எருமைகள்தான் தெரிந்தன!

வயல்காட்டு நாட்டிலிருந்து அவற்றை ஊர் சுற்றிக்காட்டக் கூட்டி வந்திருந்தது ஒரு நரி. "மணல்மேடு பார்க்கலாம், ஊற்றில் ஊறலாம்" என்று ஆசை காட்டியிருந்தது. தண்ணீரைக் கண்ட எருமைகளைக் கேட்க வேண்டுமா? தொப்பென்று உட்கார்ந்துவிட்டன. ஊற்று முழுக்கச் சேறு!

"எருமையம்மா! கொஞ்சம் எழுந்திருங்க! இது குடிக்கிற தண்ணி. என் குஞ்சுங்க தாகத்துல கிடக்குதுங்க!" என்று கெஞ்சியது கல்கௌதாரி.

மழையே பெய்யாத ஊரிலும் எருமை மாட்டு மேல் மழை பெய்த கதைதான். பெரிய எருமை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

நரிதான் சீறியது. "ஏய், விருந்தாளியை எழுப்புறியா? போ, போ! நாளைக்கு வா!"

நாளைக்குக் குஞ்சுகள் இருக்குமா? 'அழுதால் வேலைக்கு ஆகாது. மல்லுக்கு நின்றால் நசுங்கிப் போவேன்' என்று யோசித்தது கல்கௌதாரி. சட்டென்று ஒரு குறும்பு தோன்றியது.

பக்கத்து மணலில் விழுந்து புரண்டது. "ஆஹா! ஆஹாஹா! ராஜ குளியல்னா இதுதான்! தண்ணியில யாரு வேணா குளிக்கலாம். மணல்ல குளிக்கக் கொடுப்பினை வேணும்!"

பெரிய எருமையின் ஒரு கண் திறந்தது. "அதென்ன ராஜ குளியல்?"

"அடடா! நரியண்ணன் சொல்லலையா? சாதாரண விருந்தாளிதானேன்னு விட்டுட்டாரோ என்னவோ!"

மூன்று எருமைகளும் நரியை முறைத்தன. தெரியாது என்றால் வழிகாட்டி வேலை போச்சு! "சொல்லாம இருப்பேனா? அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தேன்!" என்று வாய் கூசாமல் புளுகியது நரி.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள்! எருமைகள் சேறும் சகதியுமாக எழுந்துபோய் மணலில் உருண்டன. நரியையும் விடவில்லை. "நீயும் வா!" என்று கொம்பால் தள்ளி உருட்டின. கொஞ்ச நேரத்தில் நாலும் எள்ளுருண்டை மாதிரி ஆகிவிட்டன. வெயில் ஏறியது, நாக்கு வறண்டது. ஊற்றுக்கு ஓடி வந்து வாயை வைத்தன.

"தூ! தூ! ஒரே சேறு! எவன் கலக்கினான்?" என்று கத்தியது பெரிய எருமை.

சின்ன எருமை மெல்ல, "நாமதான் அக்கா" என்றது.

"இப்ப என்ன செய்யறது?"

"கால் வைக்காம காத்திருங்க. தானா தெளியும். ஒரு குளம்பு பட்டாலும் மறுபடி முதல்லேருந்துதான்!" என்றது கல்கௌதாரி. அதுவும் கல்மேட்டுப் பக்கம் பார்த்துப் பார்த்து, "ஐயோ, என் குஞ்சுங்க தாகத்துல கிடக்குதுங்களே!" என்று தவித்தது.

உச்சி வெயிலில் எல்லாமே காத்துக் கிடந்தன. நரி மட்டும் நைசாகக் காலை நீட்டியது. பெரிய எருமை விட்டது ஒரு முட்டு! "எடுடா காலை!"

ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தது. "குஞ்சுக்காரன் முதல்ல போகட்டும்" என்று எருமைகள் ஒதுங்கி நின்றன. "ஏம்ப்பா, குஞ்சு தாகத்துல கிடக்குதுன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! அப்ப உங்க காது சேத்துக்குள்ள இருந்துச்சு!"

கல்கௌதாரி வயிறு சொட்டச் சொட்ட நனைத்துக்கொண்டு பறந்தது. குஞ்சுகள் வாய் பிளந்து துவண்டு கிடந்தன. ஈர இறகில் அலகு பட்டதும் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டன. அப்பன்காரனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஊற்றங்கரையில் எருமைகள் முன்னங்காலை மடித்துக் கழுத்தை நீட்டிக் குடித்தன. நரிக்குக் கடைசியில்தான் கிடைத்தது.

நீதி: ஊர் பார்க்கப் போகிறவர், அந்த ஊர்க்காரர் குடிக்கும் தண்ணீரைக் கலக்கினால், கடைசியில் தானும் அந்தச் சேற்றைத்தான் குடிக்க வேண்டிவரும்.