நாலு வார்த்தை ஆறுதல்

"அநேகமாவா?" என்று ஒரு கிணறு கேட்டதை நான் சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். குடத்துக்குள் பேசின மாதிரி அடியிலிருந்து உருண்டு உருண்டு வந்து விளிம்பில் உடைந்தது அந்தச் சத்தம். பிறகு எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் அந்தக் குரல் காதில் விழும். வாயைத் திறக்குமுன் கொஞ்சம் தயங்குவேன்.

கேட்டது கிணறு இல்லை. அதற்குள் கிடந்த சோலையப்பன்.

வடலிமேட்டுப் பாழுங்கிணற்றில் அவருடைய அரிவாள் விழுந்துவிட்டது. எடுக்க இறங்கினார். இற்றுப்போன கயிறு பாதியில் அறுந்தது. அடியில் சருகு மெத்தைபோலக் கிடந்ததால் காயமில்லை. ஆனால் மழை பெய்தால் மேட்டு வெள்ளம் அத்தனையும் அந்தக் கிணற்றுக்குள்தான் பாயும். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சோலையப்பனுக்கு நீச்சல் தெரியாது.

அவர் மனைவி பிச்சம்மாள் கயிறு கேட்டுப் பக்கத்து ஊருக்கு ஓடினாள். வழியில் மூன்று பேர் எதிர்ப்பட்டார்கள். ஊருக்கு மூத்தவர் அழகுவேல், மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த கோட்டைச்சாமி, எதிலும் ஒரு சந்தேகம் கேட்கும் மாடக்கண்ணு.

"அண்ணாச்சி, அவுக கிணத்துக்குள்ள விழுந்துட்டாக. நான் கயிறோட வந்துருதேன். அதுவரைக்கும் நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லிக்கிட்டு இருங்க!"

கோட்டைச்சாமி கையில் மாட்டுக்கயிறு இருந்தது. அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் கோட்டைச்சாமிக்கு இல்லை.

மூவரும் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நாலு வார்த்தைன்னு சொல்லியிருக்கா. பொம்பளை நம்பி விட்டுட்டுப் போயிருக்கா. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார் அழகுவேல்.

"கவலைப்படாதீங்கன்னு சொல்லுவோம்" என்றார் கோட்டைச்சாமி.

"அது ஒரு வார்த்தையா, ரெண்டா?" என்றார் மாடக்கண்ணு. "கவலை தனி, படாதீங்க தனி. ஆனா நடுவுல ஒரு 'ப்' வந்து ரெண்டையும் ஒட்டிருதே."

அந்த 'ப்' யாருக்குச் சொந்தம் என்று நெடுநேரம் பேசினார்கள். முடிவு தெரியாததால் அந்த வார்த்தையையே ஒதுக்கிவிட்டார்கள்.

"ஏ, மேல யாரு? மழை வருது, கேட்குதா?" என்று உள்ளேயிருந்து சோலையப்பன் கத்தினார்.

"பொறும்வே! உமக்காகத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் அழகுவேல்.

கடைசியில் 'எல்லாம் சரியாப் போயிரும்' என்று முடிவாயிற்று. எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். இன்னொன்று வேண்டுமே. மூவரும் தலையைச் சொறிந்தார்கள். அழகுவேல்தான் கண்டுபிடித்தார். எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணற்றுக்குள் குனிந்து நிதானமாகச் சொன்னார்:

"எல்லாம் அநேகமா சரியாப் போயிரும்!"

வார்த்தை அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு,

"அநேகமாவா?"

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நான் கேட்டது அதைத்தான்.

"சொல்லிக்கிட்டே இருக்கச் சொன்னாளே" என்று மாடக்கண்ணு நினைவூட்டினார். மறுபடி சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சோலையப்பனின் அழுகை கூடியது.

"உங்க வார்த்தையை வச்சு நான் என்னவே பண்ண? அந்தா, கோட்டைச்சாமி கையில கயிறு தொங்குது. அதைப் போடுங்க!"

"இது மாட்டுக்கயிறு" என்றார் கோட்டைச்சாமி, புண்பட்டவராக. "உங்களுக்குப் போய் அதைப் போட்டா மரியாதையா இருக்குமா?"

"இதுக்குள்ள வந்து இருந்து பாருங்க, அப்பத் தெரியும்!"

மூவரும் யோசித்தார்கள். வார்த்தை சரியில்லை போலிருக்கிறது. புதிதாக ஒன்று செய்தார்கள். 'நாங்க உங்க கூடவே இருக்கோம்.' எண்ணினால் கச்சிதமாக நாலு. அழகுவேல் துண்டைக் கட்டினார். மாடக்கண்ணு அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அண்ணாச்சி, அவரு உள்ள இருக்காரு. நாம மேல இருக்கோம். இதைச் சொன்னா பொய்யில்லா?"

அழகுவேல் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவரிடம் இருந்ததுமில்லை.

"அப்ப இறங்குவோம்" என்றார்.

மாட்டை மேயவிட்டு, அதன் கயிற்றைப் பக்கத்துப் பனையில் கட்டினார்கள். "நமக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு" என்றார் கோட்டைச்சாமி. முதலில் அழகுவேல் இறங்கினார், பிறகு மாடக்கண்ணு. கோட்டைச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. மேலே கயிற்றை விட்டுவிட்டு வந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்தார்.

மூவரும் சருகைத் தட்டிவிட்டு வரிசையாக நின்று, ஒரே குரலில் சொன்னார்கள்:

"நாங்க உங்க கூடவே இருக்கோம்."

சோலையப்பன் அவர்களைப் பார்த்தார். கக்கத்துக் கயிற்றைப் பார்த்தார். தலைக்கு மேல் தெரிந்த வட்டமான கறுத்த வானத்தைப் பார்த்தார். பிறகு என்னவோ, அழுகை நின்றுவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் அழகுவேல் ஆவலாக.

"சொன்னா வெட்கக்கேடு" என்றார் சோலையப்பன். "கொஞ்சம் தேவலாம் போலத்தான் இருக்கு."

முதல் துளி அவர் மூக்கில் விழுந்தது. அதோடு மூளையும் வேலை செய்தது. ஒருவர் தோள்மேல் ஒருவராக மூவரையும் நிற்கச் சொன்னார். அடியில் கோட்டைச்சாமி, நடுவில் மாடக்கண்ணு, உச்சியில் அழகுவேல்.

"என் தோள்ல இதுவரைக்கும் எவனும் கால் வச்சதில்லை" என்றார் அழகுவேல்.

"கால் வைக்கலை அண்ணாச்சி. பாதம் வைக்கேன்."

"பாதம்னா சரி. அது மரியாதையான வார்த்தை."

சோலையப்பன் விளிம்பைப் பற்றி வெளியே வந்து விழவும், பிச்சம்மாள் கயிற்றோடு வந்து சேரவும் சரியாக இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"நாலு வார்த்தை உள்ள போடச் சொன்னா, மூணு ஆள் போயிருக்கீகளே!"

அந்தக் கயிற்றை மாட்டின் கழுத்தில் கட்டி, கொட்டும் மழையில் மூவரையும் ஒவ்வொருவராக இழுத்தார்கள். மேட்டு வெள்ளம் பாய்ந்து கிணறு பொங்கியது.

வீட்டு வாசலில் சோலையப்பன் கைகூப்பினார். "நல்லா இருங்க அண்ணாச்சி. போய்த் தலையைத் துவட்டுங்க."

"எங்க போக?" என்றார் அழகுவேல். "கூடவே இருக்கோம்னு சொல்லியாச்சே."

"அது கிணத்துக்குள்ள மட்டும் இல்லையா?"

"அதையும் சேர்த்தா ஆறு வார்த்தை ஆயிருமே" என்றார் மாடக்கண்ணு.

பிச்சம்மாள் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டாள்.

தை பிறந்ததும், யாரிடமும் சொல்லாமல், அவளையும் கூட்டிக்கொண்டு சோலையப்பன் தூத்துக்குடிக்குப் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மற்ற மூவருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது.